பீனிக்ஸ் பண்ணை: வீட்டில் நிற்காதீர்கள், அச்சகத்துக்குப் போங்கள்

தென்னாப்பிரிக்காவில் இருக்கிற டர்பனுக்கு வந்து 8 வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கடற்கரை, பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு), அப்புறம் காந்தியின் பீனிக்ஸ் பண்ணை. இந்த முறை மாமியார். அவருக்குப் பொறையாறு, தில்லையாடிக்கு நடந்தே போய்விடலாம், அதனால் காந்தியின் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன வள்ளியம்மை கிட்டத்தட்ட சொந்தக்காரப் பெண் மாதிரி.

நகரத்திலிருந்து 20 கிலோமீட்டர் போல வரும். 1904-ல் காந்தி 100 ஏக்கர் வாங்கிப் போட்ட இடம். இன்று சுற்றிலும் நெருக்கியடித்த வீடுகள். அந்தக் குடியிருப்புக்குப் பெயர் பம்பாயி, நம்ம பம்பாய்தான் ஜூலு வாயில் அப்படி ஆகிவிட்டது. காந்தியின் வீட்டுக்குப் பெயர் சர்வோதயா, மரமும் தகரமுமான சின்ன வீடு. மாமியார் தகரத்தை விரல் கணுவால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, இதுக்கா கடல் தாண்டி வந்தேன்? எங்க வீட்டு மாட்டுக்கொட்டகை இதைவிட உசரம்" என்றார். அந்தத் தகரமும் பழசில்லை. 1985 ஆகஸ்டில் இந்த இனாண்டா பகுதியில் நடந்த கலவரத்தில் பெரும்பகுதி எரிந்து போய், பிறகு கட்டி, 2000-ல் அப்போதைய ஜனாதிபதி தாபோ ம்பெக்கி திறந்துவைத்தது. பழைய சாமான்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

அதனால்தான் சொல்கிறேன், அச்சகக் கட்டடத்தில் நேரம் செலவழியுங்கள். டர்பன் கிரே தெருவில் இருந்த அச்சகத்தைத் தூக்கி இந்தக் காட்டுக்குக் கொண்டுவந்தபோது காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நாலு மொழியில் வந்துகொண்டிருந்தது. இங்கே அச்சடித்த முதல் ராத்திரியே எண்ணெய் எஞ்சின் மக்கர் செய்ய, தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பிக் கைச்சக்கரத்தைச் சுற்ற வைத்தார்களாம், விடிந்ததும் எஞ்சினியர் கை வைத்தவுடனே எஞ்சின் ஓடியதாம். எனக்கு அதைவிடப் பிடித்தது மெஷின்காரர் கோவிந்தசாமி. பண்ணை வாழ்க்கையெல்லாம் எனக்கு வேண்டாம், ஆனால் அச்சகம் எங்கே போனாலும் நானும் வருகிறேன் என்றவர். கறாரான ஆள்! தமிழ்ப் பக்கமும் இந்திப் பக்கமும் எழுதவும் எழுத்துக் கோக்கவும் ஆள் சிக்காமல் 1906-ல் நின்றுபோனது, அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வலிக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அத்தை, காந்தியோட சத்தியாகிரகப் போராட்டத்துக்குத் தலைமை ஆபீஸ் மாதிரி இதுதான்" என்றேன். 1913 செப்டம்பரில் கஸ்தூரிபா உட்பட 16 பேர் இங்கிருந்து கிளம்பி, பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலின் எல்லையை அனுமதியில்லாமல் தாண்டி வேண்டுமென்றே கைதானார்கள். அப்புறம் நியூகாசில் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம், பெரிய நடைப்பயணம், கடைசியில் 1914-ல், ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள் மேல் போட்டிருந்த 3 பவுன் வரி ரத்து. மாமியார் இப்போது சுவரைத் தட்டவில்லை.

ஒரே எரிச்சல் நாங்கள் பிடித்த வேன். ஒரு இடத்துக்கு 20 நிமிஷம், அதற்குமேல் ஹாரன். மண்டேலா 1994-ல் ஓட்டுப் போட்ட ஓலாங்கே பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது, வாசலோடு திருப்பிவிட்டார்கள். சொந்தக் காரில், வழி தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு, காலையிலேயே போய்விடுங்கள்.

திரும்பும்போது மாமியார், "வள்ளியம்மையை எங்கே வெச்சிருக்காங்க?" என்றார். ஜோகன்னஸ்பர்க், பிராம்ஃபோன்டைன் கல்லறை, 1914-ல் போனபோது 16 வயது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இங்கேருந்து பஸ் உண்டா?"