எட்டு வருஷமாக ஃபோக் மெட்டல், காத்திக் மெட்டல்: எது காதில் நின்றது

தண்டையார்பேட்டையில் என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒரு பென்டிரைவ் கொடுத்தார், அதில் முதலில் பிடித்தது சுவிட்சர்லாந்தின் எலுவெய்டி என்ற ஃபோக் மெட்டல் குழு, அதாவது மெட்டல் இரைச்சலோடு நாட்டுப்புற இசையைச் சேர்ப்பவர்கள். கிட்டார் இரைச்சலுக்கு நடுவே என்னவோ இழுத்துக்கொண்டே போகிறதே என்று தேடியபோதுதான் ஹர்டி கர்டி தெரிந்தது: கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு சக்கரம் கம்பிகளை உரசும், அடியில் ஒரே சுருதி ஓடிக்கொண்டே இருக்கும், நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது மாதிரி. அவர்களுடைய 2008 ஆல்பமான 'ஸ்லானியா' இன்னும் அலுக்கவில்லை.

ஃபின்லாந்தின் கோர்பிக்லானி, ஃபின்ட்ரோல் எல்லாம் முதல் வருஷம் வெறியோடு கேட்டேன். நல்ல ஆட்டம்தான், ஆனால் இப்போது வரிசையாக நாலு பாட்டுக்கு மேல் முடிவதில்லை.

காத்திக் மெட்டல், அதாவது இருட்டும் சோகமும் கலந்த மெட்டல், ஆரம்பத்தில் ஒட்டவே இல்லை. இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட் 1991-லேயே 'காத்திக்' என்று ஓர் ஆல்பம் போட்டவர்கள், அதைக் கேட்டுப் பாதியில் நிறுத்திவிட்டேன், அவ்வளவு மெதுவாகத் தோன்றியது. அப்புறம் எங்கள் தெருவில் ஒரு தாத்தா தவறிப்போனார். ராத்திரி முழுக்க மரண கானா. அந்த வாரம் திருவொற்றியூரில் ரயில் ஏறி சென்ட்ரல் போகும்வரை டைப் ஓ நெகட்டிவ் என்ற அமெரிக்கக் குழுவின் 1999 ஆல்பம் 'வேர்ல்ட் கமிங் டவுன்' கேட்டேன். வீட்டு மனிதர்களைச் சாவுக்குக் கொடுத்த துக்கத்தை அந்தக் குழுவின் பாடகர் பீட்டர் ஸ்டீல் அந்த அடிக்குரலில் அவசரமே இல்லாமல் பாடுகிறார், செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடும் எங்கள் ஊர்க் கானாவைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது அந்நியமாகவே இல்லை. இத்தனை வருஷத்தில் நான் அதிகம் கேட்டது அந்த ஆல்பம்தான்.

அடுத்தவருக்குக் கொடுப்பதில் ஒரு விஷயம். முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில் நாற்பது பாட்டு மொத்தமாக அனுப்புவேன், ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது ஆளைப் பார்த்து ஒரே பாட்டு. உறுமல் குரலும் பெண் குரலும் மாறி மாறி வரும் நார்வேயின் தியேட்டர் ஆஃப் டிராஜெடியை அக்காவிடம் கொடுத்தேன், "அந்தப் பொண்ணு பாடுறது நல்லாயிருக்குடா, வேற இருக்கா?" என்றாள். மேளம் அடிக்கும் மச்சானுக்கு டெல்லியின் பிளட்டிவுட், டோல் அடியும் மெட்டல் கிட்டாரும் சேர்ந்து வரும். டீக்கடை பெஞ்சில் அதே அடியை விரலால் தட்டிக்கொண்டே ரெண்டு தடவை கேட்டவன், மூன்றாவது தடவை ஹெட்செட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவர் காதில் வைத்தான்.