கர்ர்ர்… கொடநாட்டில் ஆறு வருடமாக ஒரு 70-300

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் மச்சான் போன வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். நான் வைத்திருக்கும் அதே பழைய 70-300 மி.மீ. கேமரா லென்ஸ், தூரத்துப் பறவையைக் கிட்ட இழுத்துக் காட்டுகிற ஜூம், செகண்ட் ஹேண்டில் நான் வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. "வாங்கலாமா மாப்ள? பறக்கிற கழுகு, பருந்தெல்லாம் எடுக்க ஆகுமா?" என்று ஒரே வரி. என் லென்ஸ் உள்ளே படர்ந்த பூஞ்சையைச் சுத்தம் செய்துகொண்டு கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, அதற்குக் கொடுத்த ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த நேரம். அவரிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில், கொஞ்சம் நீளம்.

முதலில் அந்தச் சத்தம். இது உள்ளே ஒரு சின்ன மோட்டார் பல் சக்கரத்தைச் சுற்றி ஃபோகஸ் செய்கிற பழைய மைக்ரோ மோட்டார் லென்ஸ், ஃபோகஸ் தேடும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும், காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி. சத்தத்தோடு போனால் பரவாயில்லை. ஒரு தடவை இலக்கைத் தவறவிட்டால் கிட்டத்திலிருந்து தூரம் வரை முழுக்க ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் திரும்பி வரும். இதில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் கிடையாது, ஆட்டோவில் இருக்கும்போது வளையத்தைக் கையால் திருப்பவும் கூடாது, திருப்பினால் உள்ளே பல் சக்கரம் தேயும். அதாவது அது தேடி முடிக்கும்வரை நாம் தேமே என்று நிற்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பக்கத்துக் கொடநாடு காட்சி முனையில் நடந்ததைச் சொல்கிறேன். சுற்றுலா வண்டிகள் வந்து சேராத நேரம், பள்ளத்தாக்கில் பாதிவரை பஞ்சு மாதிரி மூடுபனி. பாறை விளிம்பை ஒட்டி, என் கண் மட்டத்தில், ஒரு கருங்கழுகு வந்தது. இதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவசரமே படாத பறவை. சிறகை லேசாக மேலே தூக்கி வைத்துக்கொண்டு, விரல் விரித்த மாதிரி நுனி இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய, சோலை மரங்களின் தலையை உரசுகிற மாதிரி மெதுவாகப் போகும், எந்தக் கூட்டில் முட்டை இருக்கிறது, குஞ்சு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே. அலகின் அடியில் இருக்கும் மஞ்சள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது, அவ்வளவு கிட்டம். அழுத்தினேன். கர்ர்ர். பின்னால் இருந்த மரத்தைப் பிடித்தது. விட்டு மறுபடி அழுத்தினேன். கர்ர்ர், கிட்டத்துக்குப் போனது, கர்ர்ர், தூரத்துக்குப் போனது. கழுகு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் போய் மறைந்தபிறகு பச்சைப் புள்ளி எரிந்து 'பிடித்துவிட்டேன்' என்றது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பதினொரு படம், பதினொன்றிலும் சோலை இலை இலையாகத் தெளிவு, முன்னால் ஒரு கருப்புக் கறை. நீலகிரியில் இருக்கிற வேட்டைப் பறவைகளிலேயே நிதானமான பறவையைக்கூட இது கோட்டை விட்டால் வேறு எதைப் பிடிக்கும்?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். பாதித் தப்பு என்னுடையது. கருப்புப் பறவை, கருப்புச் சோலை, வெளிச்சம் இல்லாத காலை, 300-க்கு இழுத்தால் துவாரம் f/5.6-க்கு மேல் திறக்காத, வெளிச்சத்தைக் குறைவாகவே உள்ளே விடுகிற லென்ஸ். ஃபோகஸ் பிடிக்க அதற்கு இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற ஓரம் ஒன்று வேண்டும், நான் கொடுத்தது இருட்டுக்குள் இருட்டு. பறவை வருவதற்கு முன்பே ஏறக்குறைய அதே தூரத்தில் இருக்கும் ஒரு சில்வர் ஓக்கின் மேல் ஃபோகஸ் வைத்துவிட்டு, அது அந்தத் தூரத்துக்கு வரும்வரை பட்டனைத் தொடாமல் இருந்தால் பத்தில் ஆறு தேறும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது, ஞாயிற்றுக்கிழமை பதற்றத்தில் மறந்துபோனது. ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒன்று மட்டும், பறவையோடு நகர்கிற தொடர் ஃபோகஸ், ஷட்டர் ஒரு நொடியில் 1600-ல் ஒரு பங்கு, பின்னால் வெள்ளை மேகம் இருந்தால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டு, சோலை இருந்தால் கொஞ்சம் குறை. அசைவு தடுப்பியை அணைத்துவிடுங்கள், அந்த வேகத்தில் அதற்கு வேலை இல்லை. முழங்கை இரண்டும் விலாவில் ஒட்டியிருக்க வேண்டும், இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், திரும்புவது இடுப்பிலிருந்து.

காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும் கெஸ்ட்ரல் என்கிற சின்ன வல்லூறு என்றால் இந்த லென்ஸ் தங்கம். குளிர்காலத்தில் புல்மேட்டில் அது அந்தரத்தில் நிற்கும்போது நீங்கள் டீ குடித்துவிட்டு வந்துகூட எடுக்கலாம்.

இனி சந்தோஷம். சமவெளியில் நின்று கழுகு எடுத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே படம்தான் இருக்கும்: வெளுத்த வானம், நடுவில் கறுத்த வயிறு. மலை விளிம்பில் கதையே வேறு. வெயில் பாறையில் ஏறி ஒன்பது, ஒன்பதரைக்குச் சூட்டுக்காற்று கிளம்பியதும் பறவைகள் அதில் ஏறி வட்டமடித்து மேலே வரும், நாம் அவற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்போம், வெயில் அந்த முதுகின்மேல் நேராக விழும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் தெங்குமரஹாடா ஊர்ப் பக்கத்திலிருந்து மாயாற்றுக்கு மேலாக மூன்று பெரிய உருவங்கள் வந்தன. பருந்து என்று நினைத்துத்தான் அழுத்தினேன். திருப்பத்தில் ஒன்று சாய்ந்தபோது முதுகின் அடியில் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. வெண்முதுகுப் பாறு, பிணந்தின்னிக் கழுகு! கீழே நின்று பார்க்கிறவனுக்குச் சிறகின் அடிவெள்ளைதான் தெரியும், பெயரில் இருக்கும் முதுகு தெரியாது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்கிற வலி ஊசியால், அந்த மாடு செத்தபின் அதைத் தின்று நாடு முழுக்கச் செத்து ஒழிந்து, 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தபிறகு மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தில் சில, அந்த ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. 6000 பிக்ஸல் அகலப் படத்தில் பறவை நானூறு பிக்ஸல்கூட இல்லை. பிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் "காக்காயா?" என்று கேட்கிறார்கள்.

அந்தப் படம் கிடைத்ததற்கு லென்ஸின் தரம் காரணம் இல்லை, எடை காரணம். இரண்டு கிலோ எடையுள்ள 150-600 லென்ஸ் வைத்திருந்தால் அன்றைக்கு அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போயிருப்பேன். ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடிந்து நேராகப் போன நாள் அது, கேமரா பையில் டிபன் பாக்ஸோடு கிடந்தது.

பூஞ்சையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் தொடங்கி மழையும் பனியும் மாறி மாறி அடிக்கிற ஊரில் லென்ஸைத் துணிப்பையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்தது என் முட்டாள்தனம். போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக ஓடியிருந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு "மலையிலிருந்தா வர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். இப்போது காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி. ஐம்பதுக்கு மேல் முள் போனால் ஜெல்லை வறுத்துப் போடுகிறேன், வீட்டில் அந்த வாணலியை இனிமேல் சமையலுக்குத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, மச்சான், வாங்காதீங்க. விலை இன்னும் பாதியாக விழுந்தாலும் வேண்டாம். இன்னும் ஆறு மாதம் பணம் சேர்த்து, சத்தமில்லாத மோட்டாரும் ஆட்டோவில் இருக்கும்போதே கையால் திருப்ப விடுகிற வளையமும் உள்ளதாகப் பாருங்கள், அதே 70-300 அளவிலேயே இருக்கிறது. என்னுடையதை விற்றுவிடலாமே என்று அடுத்து கேட்பீர்கள், தெரியும். விற்கிற எண்ணம் இல்லை. வர்ற ஞாயிறு அதே விளிம்பில், அதே லென்ஸோடுதான் நிற்கப் போகிறேன், அந்தக் கருங்கழுகுக்கும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. வருவதாக இருந்தால் ஆறரைக்குள் கோத்தகிரி வந்துவிடுங்கள், வரும்போது சிலிக்கா ஜெல் அரைக் கிலோ வாங்கி வாங்க, இங்கே கடையில் வாங்கினது பாக்கெட்டைப் பிரிக்கும்போதே நமத்துப்போயிருக்கிறது.