கலை வரலாறா, கலை முகாமைத்துவமா?

அழகியல் படிப்பிக்கும் தம்பி தங்கைகள் சிலர், முதுமாணிக்கு (மாஸ்டர்ஸ்) இந்த இரண்டில் எதை எடுப்பது என்று கேட்கிறார்கள். நான் கலை வரலாறு எடுத்தவன், சாய்வு அந்தப் பக்கம்தான்.

இலங்கையில் இரண்டுக்கும் கட்டணம் உண்டு, இளமாணி போல இலவசம் இல்லை. இரண்டிலும் ஆங்கில வாசிப்பு முதுகை ஒடிக்கும். வேலை என்று பார்த்தால் முகாமைத்துவம் முந்தும். நிதி விண்ணப்பம் எழுதவும் பாதீடு போடவும் கண்காட்சி நடத்தவும் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். 2019இல் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மும்மொழியிலும் இயங்குகிறது, தமிழருக்கு அங்கே தேவை இருக்கும். ஆனால் அது இருப்பது கொழும்பில். பெரும்பாலான வாய்ப்புகளும் அங்கேதான். அறை வாடகையையும் கூட்டிப் பாருங்கள்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஆய்வேடு. வகுப்புக்குச் சனி, ஞாயிறு ஓடிவிடலாம், ஆய்வேடு அப்படி இல்லை. ஆய்வுக்கான சரக்கு எங்கே கிடக்கிறதோ அங்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும். முகாமைத்துவம் என்றால் நிறுவனங்களின் கோப்புகளுக்கும் நேர்காணலுக்கும் லீவு போட்டு அலைய வேண்டும். என் சரக்கு காமன் கூத்து, அது எங்கள் மலையகத் தோட்டத்திலேயே இருந்தது. மாசியில் கம்பம் ஊன்றுவதிலிருந்து காமன் எரிகிற இரவு வரை, பள்ளிக்கூடம் விட்டதும் நடந்தே போகலாம். தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சித் தட்டிப் பார்ப்பார்கள், சத்தம் ஏறவில்லை என்றால் திரும்பவும் காய்ச்சுவார்கள். ரதி, மதனின் ஒப்பனை, வாத்தியாரின் பாட்டுக் கொப்பி, அதில் யார் எப்போது எதைச் சேர்த்தார் என்பது எல்லாமே ஆய்வுக்குரியவை. கனிமவள ஆய்வுக்கு வந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் கைவினைகளைப் பதிவு செய்து 1908இல் நூலாக்கினார். அப்போதும் இந்த மலைகளில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் இருந்தன. அங்கிருந்த கூத்துக்கு அப்படி ஒரு பதிவு வாய்க்கவில்லை. ஆகவே இங்கே ஆய்வேடு எழுதுகிறவர் சான்றையும் தானே சேர்த்துக்கொண்டு போக வேண்டும். முகாமைத்துவம் அதைக் கற்றுத்தராது.

வெளிநாட்டுப் படிப்பு வேறு கணக்கு. போய்வந்த ஓரிருவரிடம் கேட்டதுதான் எனக்குத் தெரிந்தது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2 வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் 2 வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். கிடைத்தால் முகாமைத்துவத்துக்கே போங்கள். சொந்தக் காசில் வேண்டாம். அப்புறம், எழுதுவதே பிடிக்காதவர் கலை வரலாற்றுப் பக்கம் வராதீர்கள்.