லண்டனிலிருந்து கிசுமுவுக்கு: பணம் அனுப்பும் ஆப்கள், பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் மனைவி கென்யாக்காரர். கிசுமுவுக்குப் பக்கத்தில் அஹேரோ என்று நெல் விளைகிற ஊர், லண்டனில் நர்ஸ் வேலை. நான் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து இரண்டு நாட்டுக்கும் பணம் போய்க்கொண்டிருக்கிறது. இந்தியாவுக்கு எந்த ஆப் நல்லது என்று தமிழில் எழுதியவர்கள் நிறைய, ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவது பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. கம்பாலாவிலும் நைரோபியிலும் கணக்கு வேலை பார்த்துவிட்டு வந்து இன்னும் அங்கே பழகியவர்களுக்குப் பணம் அனுப்புகிற நம்மவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காவது இது பயன்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆப்கள் செய்த பெரிய காரியம் என்று எல்லோரும் வேகத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாவதுதான். சின்னத் தொகை அனுப்ப முடிகிறது என்பதுதான் முதல். முன்னே கடைக்குப் போய், வரிசையில் நின்று, படிவம் நிரப்பி அனுப்புகிற காலத்தில் கட்டணம் ஐந்து பவுண்டு என்றால் இருபது பவுண்டு அனுப்புகிறவருக்குக் கால்வாசி அங்கேயே போய்விடும். அதனால் எல்லோரும் மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக அனுப்புவார்கள், நடுவில் அங்கே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அக்கம்பக்கத்தில் கடன்தான். இப்போது அப்படி இல்லை. மருந்துக்குப் பதினைந்து பவுண்டு, விதைநெல்லுக்கு முப்பது பவுண்டு, என்று தேவை வருகிற அன்றைக்கே போகிறது. மாமியார் வீட்டில் வட்டிக்கு வாங்குவது நின்றது இதனால்தான், இதை நான் கண்ணால் பார்த்தேன்.

இது சாத்தியமானதற்குக் காரணம் லண்டனில் இல்லை, கென்யாவில் இருக்கிறது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற அந்நாட்டு செல்போன் நிறுவனம் போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசாவைக் கொண்டுவந்தபோது அது உள்நாட்டுக்குள் பணம் அனுப்புகிற சேவை மட்டும்தான், நைரோபியில் வேலை பார்ப்பவர் ஊருக்கு அனுப்பத்தான் ஜனங்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சாதாரண பட்டன் போன் போதும், வங்கிக் கணக்கு வேண்டாம், மூலைக்கு மூலை ஏஜென்ட். மளிகைக் கடை, மருந்துக் கடை, தகரக் கொட்டகை, எங்கே பச்சை நிறப் பலகை தொங்கினாலும் பணத்தை எடுக்கலாம், போடலாம். அந்த ஏற்பாடு முழுக்கத் தயாராக இருந்ததால் பின்னால் வந்த ஆப்களுக்கு அந்த ஊரில் கடை திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. லண்டன் பக்கம் டெபிட் கார்டு, அந்தப் பக்கம் எம்-பெசா, நடுவில் இவர்கள்.

அந்த நடுவைப் பிடித்தவர்களில் பலர் தாங்களே ஊரை விட்டு வந்தவர்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். வேர்ல்ட்ரெமிட் என்ற பணம் அனுப்பும் நிறுவனத்தை 2010இல் லண்டனில் தொடங்கிய இஸ்மாயில் அகமது சோமாலிலாந்துக்காரர், உள்நாட்டுப் போரில் தப்பி வந்தவர். பிறகு ஐ.நா.வில் பணம் அனுப்பும் திட்டமொன்றில் நடந்த ஊழலை வெளியே சொன்னவர். கடைக்குப் போகாமல் கணினியிலும் போனிலும் அனுப்பலாம் என்று அவர் இறங்கியது, அனுப்புகிறவர் படுகிற பாடு தெரிந்ததால். சென்ட்வேவ் என்ற இன்னொரு ஆப் 2014 வாக்கில் வந்தது, பிறகு வேர்ல்ட்ரெமிட் அதை வாங்கி, 2021இல் இரண்டும் செப்ஸ் என்ற குழுமத்துக்குள் வந்தன. தான்சானியாக்காரர் பெஞ்சமின் ஃபெர்னாண்டஸ் தொடங்கிய நாலா, 2020இல் தொடங்கிய லெம்ஃபை, டாப்டாப் சென்ட் என்று இப்போது வரிசையே இருக்கிறது. இத்தனை பேர் போட்டி போடுவது எங்களைப் போன்றவர்களுக்கு நல்லதுதான், சந்தேகமில்லை.

இனி காசுக் கணக்கு. "கட்டணம் இல்லை" என்று எழுதியிருந்தால் செலவு இல்லை என்று அர்த்தமில்லை, லாபத்தை ரேட்டில், அதாவது பவுண்டை ஷில்லிங்காக மாற்றுகிற விகிதத்தில், வைத்திருப்பார்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். சந்தையில் ஒரு பவுண்டு 170 கென்ய ஷில்லிங் என்று வையுங்கள். கட்டணமில்லாத ஆப் 166 தருகிறது, இன்னொன்று ஒரு பவுண்டு கட்டணம் வாங்கிக்கொண்டு 169 தருகிறது. கையில் உள்ள நூறு பவுண்டை அனுப்பினால் முதலாவதில் 16,600 ஷில்லிங் போய்ச் சேரும், இரண்டாவதில் 16,731. அதே இருபது பவுண்டு என்றால் முதலாவதில் 3,320, இரண்டாவதில் 3,211 மட்டும். ஆக, சின்னத் தொகைக்கு ஒரு ஆப், பெரிய தொகைக்கு வேறு ஆப். எங்கள் போனில் எப்போதும் மூன்று இருக்கும், அனுப்புவதற்கு முன் மூன்றிலும் தொகையைப் போட்டு "போய்ச் சேரும் ஷில்லிங்" எவ்வளவு என்பதை மட்டும் பார்ப்போம். மற்ற எண்களைப் பார்ப்பதையே விட்டாயிற்று. முதல் தடவைக்கு மட்டும் தருகிற சலுகை ரேட்டைப் பார்த்து ஒரு ஆப்பை நல்லது என்று முடிவு செய்யாதீர்கள், மூன்றாவது நாலாவது தடவை என்ன தருகிறான் என்பதுதான் உண்மையான ரேட்.

அப்புறம் ஏஜென்ட்டிடம் ரொக்கமாக எடுக்க எம்-பெசா தனியாகக் கட்டணம் பிடிக்கும், மூவாயிரம் ஷில்லிங்குக்கு ஐம்பது போல. அந்தக் காசையும் சேர்த்து அனுப்புவது கென்யர்களிடையே மரியாதை, என் மனைவி ஒரு தடவைகூட அதை விட்டதில்லை. 2024 தொடக்கத்தில் ஒரு டாலர் 160 ஷில்லிங் வரை போய், சில மாதத்தில் 130 பக்கம் இறங்கியது. அனுப்புவது அதே தொகைதான், ஊரில் கிடைப்பது சட்டென்று குறைந்தது, "ஏன் குறைச்சு அனுப்புறீங்க" என்று கேட்ட சொந்தங்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. இதற்கு எந்த ஆப்பும் பொறுப்பில்லை, ஆனால் எந்த ஆப்பும் இதை விளக்குவதும் இல்லை.

வேகம்: கென்யாவுக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள். மாமியார் போனில் எஸ்எம்எஸ் வந்த சத்தம் எங்கள் வாட்ஸ்அப் அழைப்பிலேயே கேட்கும். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

எழுத வேண்டியது மாட்டிக்கொண்டால் என்ன ஆகிறது என்பதைத்தான். மாமியாருக்கு ஆபரேஷன் என்று வழக்கத்தைவிடப் பெரிய தொகை அனுப்பியபோது ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், பணத்தை எங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டு நிறுத்தி வைத்தது. சம்பளச் சீட்டு கேட்டார்கள், கொடுத்தோம். வங்கி அறிக்கை கேட்டார்கள், கொடுத்தோம். அப்புறம் சாட்டில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயரில் அதே பதில், "பரிசீலனையில் இருக்கிறது". நர்ஸ் ஒருத்தி தன் அம்மாவின் ஆஸ்பத்திரி பில்லுக்கு அனுப்புகிற பணம் அது. என் மனைவி நைட் டியூட்டி இடைவேளையில் உட்கார்ந்து அந்த சாட்டில் கெஞ்சிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, கேள்வி கேட்கத்தான் வேண்டும், சரி. ஆனால் பணத்தை எடுக்கும் முன்னே கேளுங்கள், எப்போது முடியும் என்று ஒரு மனிதர் பேசிச் சொல்லட்டும். அதன் பிறகு நாங்கள் பின்பற்றுவது இது: பெரிய தொகை தேவைப்படும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஆவணங்களை ஏற்றி வரம்பை உயர்த்தி வைப்பது. அப்படியும் அவசரமென்றால் இரண்டு ஆப்பில் பிரித்து அனுப்புவது. ஆப்பில் பணத்தை இருப்பு வைப்பது கிடையவே கிடையாது. பிரிட்டனில் இந்த நிறுவனங்கள் எஃப்சிஏ என்ற நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்பின் கண்காணிப்பில் இருக்கின்றன, வாடிக்கையாளர் பணத்தைத் தனியே வைக்க வேண்டும் என்று விதி உண்டு, என்றாலும் வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு இவற்றுக்கு இல்லை.

கென்யாவை வைத்து ஆப்பிரிக்கா முழுவதையும் எடைபோடக் கூடாது. என் மனைவியின் நைஜீரிய சிநேகிதி ஊருக்கு அனுப்புவதெல்லாம் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. 2023 ஜூனில் அந்நாட்டு நாணயமான நைராவின் மீதிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தும் வரை அரசு ரேட்டுக்கும் வெளிச்சந்தை ரேட்டுக்கும் இருந்த இடைவெளியில் முறையான வழியில் அனுப்பியவர்களுக்குத்தான் நஷ்டம். சோமாலியர்கள் பட்டது வேறு. 2013இல் பார்க்லேஸ் வங்கி பணம் அனுப்பும் நிறுவனங்களின் கணக்குகளை மூடப்போவதாகச் சொன்னபோது சோமாலியர்கள் பணம் அனுப்பப் பயன்படுத்துகிற தஹப்ஷீல் நிறுவனம் நீதிமன்றம் போய்த் தடை வாங்க வேண்டியிருந்தது. வங்கி கதவைச் சாத்தினால் எவ்வளவு நல்ல ஆப்பும் நிற்க வேண்டியதுதான். செலவும் இன்னும் குறைய வேண்டும். 2030க்குள் சராசரிச் செலவை மூன்று சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. உலக வங்கிக் கணக்கில் சஹாராவுக்குத் தெற்கே 200 டாலர் அனுப்ப இன்னும் எட்டு சதவீதம் பக்கம் ஆகிறது. உலகத்திலேயே ஏழையானவர்களிடம் அதிகமாக வாங்குகிறார்கள் என்பதை எப்படிச் சொன்னாலும் நியாயப்படுத்த முடியாது.

நான் கேட்பது ஒன்று பாக்கி. நாங்கள் பார்த்தவரை இந்த ஆப்களின் வாடிக்கையாளர் சேவை எல்லாம் அனுப்புகிறவருக்குத்தான். ஊரில் பணத்தை வாங்குகிற மாமியாருக்கு ஆப்காரர்களைக் கூப்பிட அப்படி ஒரு நம்பர் கிடைக்கவில்லை. "தவறாக உங்களுக்குப் பணம் வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள்" என்று போலி எஸ்எம்எஸ் வந்தாலும் சரி, எம்-பெசாவில் பதிவான பெயரும் நாங்கள் போட்ட பெயரும் ஒத்துப்போகாமல் பணம் நின்றாலும் சரி, அவர் லண்டனில் மகளுக்குத்தான் போன் பண்ண வேண்டும், மகள் வார்டில் இருந்தால் காத்திருக்க வேண்டும். கென்யாவில் பேசப்படும் சுவாஹிலியிலும் கிசுமுப் பக்கத்து லுவோ மொழியிலும் பேசுகிற ஆட்களை வைத்து, வாங்குகிறவர் அழைக்க ஒரு நம்பரை எந்த ஆப் முதலில் தருகிறதோ, ரேட் கொஞ்சம் குறைவானாலும் நாங்கள் அதற்கு மாறிவிடுவோம்.