வீடு காலி செய்தபோது கூஞ்சுக்குக் கொடுத்தோம்: ஐந்துக்கு நாலரை

மேற்கு மாம்பலத்தில் 11 வருடம் இருந்த வாடகை வீட்டைப் போன மாதம் காலி செய்தோம். புது வீட்டில் பரண் கிடையாது. பழைய வீட்டிலோ இரண்டு பரண், இரண்டும் கதவு மூட முடியாத அளவுக்கு. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர் ஸ்டூல் போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கே தனி வண்டி போடணும் மேடம்” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

அப்புறம்தான் எல்லாவற்றையும் இறக்கினேன். மாமியாரின் காட்டன் புடவைகள் இரண்டு பெட்டி, பையனுக்குக் குட்டையாகிப்போன யூனிஃபார்ம், யாரோ வீட்டு கிரகப்பிரவேசத்தில் கொடுத்த எவர்சில்வர் தூக்கு ஒரே மாதிரி ஏழு, பிரிக்கவே பிரிக்காத டின்னர் செட், ஒரு பழைய மிக்சி, 2015 வெள்ளத்தில் நனைந்து காய்ந்த இலவம்பஞ்சு மெத்தை. மிக்சியை முதலில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் நீட்டினேன். “கவர்மெண்ட் குடுத்த மிக்சியே இன்னும் நல்லா ஓடுதும்மா, இது எதுக்கு எனக்கு” என்றார். 2011-இல் ஆரம்பித்த விலையில்லா மிக்சி திட்டத்தில் வாங்கியது! என் மிக்சி அதைவிட இளையது, ஆனால் ஜாரைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் சுற்றும். அவர் வேண்டாம் என்றது நியாயம்தான்.

பழைய துணி, சாமான்களைச் சேகரித்து ஊர்களுக்குக் கொண்டுபோகும் கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனத்துக்கு வருமுன் பட்ட அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஏமாறாமல் இருக்கட்டும். ‘வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம், ஆதரவற்றோர் இல்லங்களுக்குப் போகும்’ என்று இணையத்தில் பார்த்த ஒரு நம்பருக்குக் கூப்பிட்டேன், பெயர் வேண்டாம். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். ஃப்ரிட்ஜ் போட்டோவுக்கு இரண்டே நிமிடத்தில் பதில், புடவைப் போட்டோவுக்குப் பதிலே இல்லை. மறுநாள் டெம்போவில் வந்தவர் ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் ஏற்றிக் கயிறு கட்டினார், துணி மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்த இல்லத்துக்குப் போகிறது என்றால், “ஆபீஸ்ல கேளுங்க மேடம்.” ஆபீசில் கேட்டால், “80ஜி ரசீது அனுப்பறோம் மேடம், டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்.” கீழ் வீட்டு ஆடிட்டர் சாரிடம் இதைச் சொன்னேன், சிரித்துவிட்டார். 80ஜி என்ற வருமான வரிக் கழிவு பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான், அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது, ஃப்ரிட்ஜுக்கெல்லாம் வழியே இல்லை என்றார். ஃப்ரிட்ஜ் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரசீதும் வரவில்லை.

சரி, கூஞ்ச். டெல்லியில் 1999-இல் அன்ஷு குப்தா ஆரம்பித்தது, முதல் மூலதனம் அவர்கள் வீட்டில் இருந்த 67 துணிகள் என்று சொல்வார்கள். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. எனக்கு இந்தப் பெயர் பழக்கமானது சுனாமியை ஒட்டித்தான். 2004 டிசம்பருக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழந்துணி வந்து ரோட்டோரம் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கடற்கரை வெயிலில் யார் ஸ்வெட்டர் போடப்போகிறார்கள்? வீட்டை இழந்து நின்றாலும் கிழிந்த துணியை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று மீனவ மக்கள் ஒதுங்கிப் போனார்கள். அப்படிக் குவிந்த துணியைப் பிரித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த வேலையில் கூஞ்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

இவர்கள் துணியைச் சும்மா கொண்டுபோய் இனாமாக வீசுவதில்லை. ஊர்க்காரர்களே கூடி, குளம் தூர் வாருவதோ பாதை போடுவதோ தங்களுக்கு எது தேவை என்று முடிவு செய்து வேலை பார்க்கிறார்கள், அதற்குப் பரிசாகத்தான் குடும்பத்துக்கு ஒரு மூட்டை துணியும் சாமானும் போகிறது. உடுத்த முடியாத பழைய காட்டன் புடவை, பெட்ஷீட் எல்லாம் சுத்தம் செய்யப்பட்டு மாதவிடாய் நாப்கினாக மாறுகிறது. மாமியார் புடவைகளைப் பற்றி எனக்கு இருந்த தயக்கம் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் போனது, ஏனென்றால் அதில் பாதி தோய்த்துத் தோய்த்து மல் துணி மாதிரி மெலிந்துபோனவை. யார் கட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் நான்கு மூட்டை. சேகரிக்கும் இடத்தில் இருந்த தன்னார்வலர், கல்லூரிப் பெண் மாதிரி இருந்தார், ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்தார். எனக்கு முதலில் கொஞ்சம் எரிச்சல்தான், கொடுக்க வந்தவளை நிற்க வைத்துச் சோதனையா என்று. பேண்ட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். பாவாடையில் நாடா இருக்கிறதா என்று விரலால் தடவினார், இரண்டில் இல்லை, அதைத் தனியாக வைத்தார். பையனின் கறுப்பு ஸ்கூல் ஷூவை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு மூட்டையைத் துழாவிவிட்டு, “ஆன்ட்டி, இதோட ஜோடி?” என்றார். ஜோடி இல்லை. மன்னிப்புக் கேட்பது மாதிரி சிரித்துக்கொண்டு அந்த ஒற்றை ஷூவை என் பையிலேயே திரும்பப் போட்டார். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்பவர்கள் அதை என்ன செய்வார்கள் என்ற சந்தேகம் எனக்கு இப்போது வந்துவிட்டது, அதனால் அந்த ஷூ திரும்பி வந்ததற்காகவே ஒரு நட்சத்திரம் கூடப் போடலாம்.

தூக்குகளையும் டின்னர் செட்டையும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்களுக்கும் அங்கே உபயோகம் உண்டு, பையனின் ப்ராஜெக்ட் கட்டுகளை முந்தின நாள்தான் பேப்பர்காரருக்குப் போட்டேன், வயிற்றெரிச்சல். பொருளோடு போக்குவரத்துச் செலவுக்கு முடிந்த பணமும் கொடுக்கலாம், 500 ரூபாய் கொடுத்தேன். லாரி வாடகை யார் தருவார்கள்?

அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன்? அவர்கள் மேல் குறை இல்லை. மூட்டையை நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டும், வீடு மாற்றும் வாரத்தில் இடுப்பு வலியோடு அது சுலபமில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குச் சரிப்படாது. காலி செய்ய இரண்டு வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள், கடைசி நாளில் எல்லாமே குப்பையாகத்தான் தெரியும்.

மெத்தையை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை, கொடுக்கவும் கூடாது. 1913-க்கு போன் செய்து பதிந்தால் சென்னை மாநகராட்சி பழைய சோபா, மெத்தையைச் சனிக்கிழமைகளில் வந்து எடுத்துக்கொள்கிறது, அங்கே போனது. மிக்சி பழைய இரும்புக்காரரிடம், 80 ரூபாய்க்கு.

போன வாரம் புது வீட்டில் பூஜைப் பாத்திரப் பெட்டியைப் பிரித்தேன். குத்துவிளக்குக்கும் தாம்பாளத்துக்கும் நடுவில், செய்தித்தாள் சுற்றி, இன்னொரு ஷூ. பேக்கர்ஸ் பையன்களின் வேலை. இரண்டையும் லேசால் முடிச்சுப் போட்டு வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகும்போது கொடுக்க வேண்டும்.