விபத்து எப்படி நடந்தது என்பதை ஒர்க்‌ஷாப்காரர் எழுத விடாதீர்கள்

கார் அடிபட்டு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறதா? இன்சூரன்ஸ் கிளைம் படிவத்தில் ‘விபத்து நடந்த விதம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இன்றே கேட்டு வாங்கிப் படியுங்கள். அந்தக் கட்டத்தில் யாரோ எழுதிய இரண்டு வரியால் எங்களுக்கு ரிப்பேர் பணத்தில் பெரிய பகுதி நின்றுபோனது. அம்மாவின் காயத்துக்கான இழப்பீட்டு வழக்கும் ஆட்டம் கண்டுவிட்டது.

சென்ற ஆண்டு, செங்கல்பட்டு தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தோம். முன்னால் போன வண்டிகள் வேகத்தைக் குறைக்க, நானும் குறைத்தேன். பின்னால் எம்-சாண்ட் ஏற்றி வந்த லாரி குறைக்கவில்லை. பின்பக்கம் இடித்த வேகத்தில் என் கார் சென்டர் மீடியனில் போய் முட்டி நின்றது. பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. லாரி டிரைவர் ஓடவில்லை. அம்மாவை இறக்கி உட்கார வைத்ததே அவர்தான். சிறிது நேரத்தில் உரிமையாளர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து, “கேஸ் எல்லாம் வேண்டாம் சார், வண்டியை உங்க இன்சூரன்ஸ்ல போட்டுக்கோங்க, ஆஸ்பத்திரி செலவை நாங்க பாத்துக்கறோம்” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 108-ல் அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். பிறகு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 281, 125(ஏ) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். பதிவானது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் இன்னொரு பக்கம் வேலை நடந்திருக்கிறது. கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு வண்டியை டோ செய்து அனுப்பியிருந்தோம். அங்கே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவர் என் மனைவியை போனில் கூப்பிட்டு, “மேடம், கிளைம் இன்டிமேஷன் போடணும், ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க” என்றிருக்கிறார். அம்மாவுக்குக் கட்டுப் போடும் அறை வாசலில் நின்றபடி அவள் எண்ணைச் சொன்னாள். அவர் பதிவு செய்த விவரம் இது: ‘சாலையின் குறுக்கே மாடு வந்ததால் பிரேக் பிடித்து மீடியனில் மோதியது. வேறு வாகனம் இல்லை. யாருக்கும் காயம் இல்லை.’

ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று அங்கேயே வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் பிறகு விளக்கினார். இன்னொரு வண்டி, காயம் என்று எழுதினால் இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கும், விசாரிக்கும், அப்ரூவல் தாமதமாகும், கார் ஒர்க்‌ஷாப்பில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மாடு, நாய், மீடியன் என்றால் சீக்கிரம் பாஸ் ஆகும், அவர்கள் பில் போடலாம். வாடிக்கையாளருக்கு நல்லது செய்வதாகவே சொல்லிக்கொள்கிறார்கள். இது நல்லது அல்ல, பச்சைப் பொய். அந்தப் பொய்க்குப் பொறுப்பாளியாக நிற்பது நம் பெயர். பொய்த் தகவல் என்று சொல்லி கம்பெனி முழு கிளைமையும் மறுக்க இடம் இருக்கிறது.

முதல் அடி, கிளைமுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரிடமிருந்து வந்தது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வந்து பார்க்க வேண்டும். மீடியனில் மோதிய காருக்கு டிக்கி எப்படி நசுங்கும்? ‘பின்பக்க சேதம் சொல்லப்பட்ட காரணத்தோடு பொருந்தவில்லை’ என்று எழுதி, அந்தப் பகுதியை அப்படியே கழித்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த கதைப்படி அது சரிதான்.

‘தப்பு’ என்ற விஷயம் நம் ஊர் இன்சூரன்ஸில் எங்கே எடுபடும், எங்கே எடுபடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். உங்கள் காரின் சேதத்தை உங்கள் பாலிசியிலேயே வாங்குவது ஓன் டேமேஜ். அங்கே தப்பு யார் மேல் இருந்தாலும் பணம் வரும். ஆனால் நோ கிளைம் போனஸ் போய்விடும். “தப்பு நம்ம மேல இல்லையே சார், போனஸ் போகாது” என்று அதே டெஸ்க்கில் எனக்குச் சொன்னார்கள். உண்மை அதுவல்ல. அந்தப் போனஸ் கிளைம் எடுக்காததற்கான தள்ளுபடி. இடித்தது லாரியாக இருந்தாலும் கிளைம் எடுத்தால் எடுத்ததுதான். தொடர்ந்து ஐந்து வருடம் கிளைம் எடுக்காமல் 50 சதவீதம் வரை ஏறியிருந்தது, அடுத்த ரினியூவலில் பூஜ்யமானது. போனஸைக் காக்கும் தனி ஆட்-ஆன் வைத்திருந்தால் மட்டும் தப்பிக்கலாம். இன்னொரு வழி, இடித்த வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசியில் (அந்த வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்புக்கானது) சேதத்தைக் கேட்பது. கார், லாரி பாலிசிகளில் பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை உண்டு, உங்கள் போனஸும் தொடப்படாது. ஆனால் அதற்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போக வேண்டும், அவர் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டும், காலம் பிடிக்கும்.

காயத்துக்கு இழப்பீடு கேட்கும்போது கதை முழுக்க மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில் போனால், எதிர் வண்டியின் அஜாக்கிரதையை நிரூபித்தாக வேண்டும். நம் பக்கமும் தப்பு உண்டு என்று தீர்ப்பாயம் கருதினால், ஓட்டியவருக்குரிய தொகையில் அந்த சதவீதம் கழியும். பயணிக்கு அப்படிக் கழிக்கக் கூடாது. இரண்டு ஓட்டுநர் மேலும் தப்பு இருந்தால்கூட, பாதிக்கப்பட்ட பயணி யாராவது ஒரு தரப்பிடம் முழுத் தொகையும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அம்மா பயணி, அவருடைய வழக்கு பலமானது என்றுதான் நம்பினோம். தப்பே நிரூபிக்க வேண்டாத 164-வது பிரிவும் இருக்கிறது. இறந்தால் 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் வரும்.

ஆனால் எந்தப் பிரிவானாலும் அந்த லாரி விபத்தில் இருந்தது என்பதையாவது காட்டியாக வேண்டும். லாரியின் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் என்னுடைய ஓன் டேமேஜ் கிளைம் படிவத்தை வரவழைத்துத் தாக்கல் செய்தார். ‘மனுதாரரின் மகனே வேறு வாகனம் இல்லை என்கிறார், காயமே இல்லை என்கிறார்’ என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பொய்யை எழுதியவர் ஏ.சி. அறையில் இருக்கிறார். கட்டுப் போட்ட கையோடு பொய்க்காரி என்று பேர் வாங்கியது எழுபது வயதுப் பெண்மணி.

நாங்கள் தாக்குப்பிடிப்பது மூன்று காகிதங்களால். ஒன்று மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். அம்மாவைச் சேர்த்த உடனேயே, பின்னால் லாரி மோதியதாக டியூட்டி டாக்டர் எழுதியிருக்கிறார். கிளைம் பதிவுக்கு முன்னதாகவே எழுதப்பட்டது அது. இரண்டாவது சி.எஸ்.ஆர்., அதில் லாரி எண் இருக்கிறது. மூன்றாவது சர்வேயர் ரிப்போர்ட். கேட்டால் கொடுக்க வேண்டிய ஆவணம், கேட்டு வாங்குங்கள். அவர் எடுத்த படத்திலேயே என் டிக்கியில் லாரி பம்பரின் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருப்பது தெரிகிறது. மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட் இன்னும் பலமாக இருந்திருக்கும். ஆனால் அவர் பார்ப்பதற்குள் ஒர்க்‌ஷாப்பில் பின் பம்பரைக் கழற்றிவிட்டார்கள். காயம் பட்ட விபத்து என்றால், அந்த ஆய்வாளர் (எம்.வி.ஐ.) பார்க்கும் வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

என் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இவை எல்லாவற்றையும் இணைத்து, அந்த விவரம் நான் கொடுத்ததல்ல என்று மின்னஞ்சல் அனுப்பினேன். ‘ஓ.டி.பி. மூலம் நீங்களே உறுதி செய்தது’ என்று பதில் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் போவேன் என்று எழுதிய பிறகுதான் மறுபடி பரிசீலித்து பின்பக்க சேதத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஓம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையான புகாரை எடுப்பார்கள். கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ போகலாம், ஓராண்டுக்குள் போக வேண்டும்.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் மன்னிப்பு கேட்கவில்லை. “எல்லா கிளைமும் இப்படித்தான் சார் போடுறோம்” என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கிளைமும் அப்படித்தான் போடப்பட்டிருக்கும். ஓ.டி.பி. கேட்டால், பதிவு செய்யப்போகும் விவரத்தை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், படித்த பிறகு எண்ணைக் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு எழுதி படிவத்தின் நகலைக் கேளுங்கள். தப்பாக இருந்தால் அன்றே திருத்தி மின்னஞ்சல் அனுப்புங்கள், சர்வேயர் ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்காதீர்கள்.

காயம் பட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. “கார் கிளைம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் காத்திருக்காமல், ஏ.ஆர். காப்பியையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு விபத்து வழக்கு வக்கீலைப் பாருங்கள்.