கடைத் தரையில் சுகமாக இருந்த காற்று மெத்தை

கோவை காந்திபுரம் பக்கம் மலையேற்றச் சாமான் விற்கும் ஒரு கடையில், டென்ட்டுக்குள் விரிக்கும் காற்று மெத்தை ஒன்றை 4,800 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தைச் சொல்கிறேன், எந்தக் கடைக்குப் போனாலும் குனிந்து பார்ப்பீர்கள்.

நான் ஒருக்களித்துப் படுக்கிற ஆள். மல்லாந்து படுத்தால் உடம்பின் பாரம் முதுகு முழுக்கப் பரவிவிடும். ஒருக்களித்தால் மொத்தமும் தோளிலும் இடுப்பு எலும்பிலும் இறங்கும். இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் பாய் என் கூட்டாளிகளுக்குப் போதும், எனக்கு விடியும்போது கை மரத்துப்போகும். இதைக் கடைக்காரரிடம் விளக்கமாகவே சொன்னேன். "உங்களுக்குன்னே வந்த மாதிரி ஒண்ணு இருக்குதுங்ணா" என்று பச்சைக் கம்பளத்தின் மேல் விரித்திருந்த மெத்தையைக் காட்டினார். தடிமன் 10 சென்டிமீட்டர், எடை 480 கிராம், குளிர் தாங்கும் ஆர் மதிப்பு 4.2 என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்து. படுத்துப் பார்த்தேன். ஒருக்களித்தும் பார்த்தேன். அப்படியொரு சுகம். பெட்டியைப் பிரிக்காமலேயே பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, நண்பரின் உறவினர் தோட்டத்தில், மிளகுக் கொடிகளுக்குப் பக்கத்தில் டென்ட் அடித்தோம். தை மாதம், நல்ல குளிர். மெத்தையைக் கல் மாதிரி ஊதினால் தோள் அமுங்க இடமில்லாமல் கை மரத்தது. கொஞ்சம் காற்றை இறக்கினால் இடுப்பு நேராகத் தரையில் முட்டியது. ஊதுவதும் இறக்குவதுமாகவே இரண்டு மணி ஆகிவிட்டது. அப்புறம் அடியிலிருந்து குளிர் ஏற ஆரம்பித்தது. கடைசியில் காரில் கிடந்த பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே விடிய வைத்தேன். மல்லாந்து படுக்கும் நண்பர் ஃபோம் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் 790 கிராம். பத்து சென்டிமீட்டர் என்பது இரண்டு ஓரக் குழாய்களுக்கு மட்டும். உடம்பு கிடக்கும் நடுப்பகுதி ஆறுகூட இல்லை. உதறிப் பார்த்தால் சத்தமே இல்லை. குளிருக்கான மெத்தைகளில் உள்ளே வெப்பத்தைத் திருப்பும் தாளோ பஞ்சோ இருக்கும்; தாள் வைத்தது அசைத்தால் சரசரக்கும். இதில் வெறும் காற்று. வெறும் காற்று உள்ளேயே சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும், 4.2 எல்லாம் வராது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியோடு கடைக்குப் போனேன். "குளிர்ல காத்து சுருங்குமுங்ணா, அதான் தொளதொளன்னு ஆயிருக்கும்" என்றார். அது உண்மைதான், அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். குளிரில் கொஞ்சம் தளர்வது எல்லா மெத்தைக்கும் உண்டு. ஆனால் நான் வீட்டு ஹாலில், ஒரே சூட்டில், மேலே அரிசி மூட்டை வைத்து எட்டு மணி நேரம் விட்டிருந்தேன். காலையில் சப்பையாகக் கிடந்தது. சோப்பு நீர் தடவியதும் வால்வுக்குப் பக்கத்துத் தையலில் குமிழ் குமிழாக வந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி கால் வலிக்கிறது என்று அந்தப் பச்சைக் கம்பளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, இங்க தரையே மெத்துமெத்துன்னு இருக்குதுங்களே" என்றாள். கம்பளத்தைத் தூக்கினேன். அடியில் இரண்டு அங்குல ஜிம் மேட்! அன்றைக்கு என் இடுப்பைத் தாங்கியது மெத்தையல்ல. போதாக்குறைக்கு, விரித்து வைத்திருந்த மெத்தையின் வால்வு அகலமானது, எனக்குக் கொடுத்ததில் திருகுகிற சின்ன மூடி. பொருளே வேறு.

கடைக்காரர் முகம் மாறவில்லை. பில்லைத் திருப்பிக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. அப்படி அச்சடித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கால வரம்பு இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே நேர்மையற்ற வணிகம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதிந்தேன். பதிகிறபோதுதான் என் முட்டாள்தனம் தெரிந்தது. பில்லில் "பெட் 1" என்று மட்டும் எழுதியிருக்கிறார். மாடல் பெயர் இல்லை. பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் கிடையாது, சட்டப்படி இருந்தாக வேண்டும். வாங்கும்போது பார்த்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன்.

ஒருக்களித்துப் படுப்பவர்கள் வாங்கப் போனால் பெட்டியில் இருப்பதையே ஊதச் சொல்லுங்கள். வெறும் தரையில் போட்டு, கொஞ்சம் காற்றை இறக்கி, இடுப்பு தரையில் தட்டாமல் பத்து நிமிடம் கிடந்து பாருங்கள். நடுப்பகுதித் தடிமன் எட்டு சென்டிமீட்டராவது வேண்டும். வழக்கமான 51 சென்டிமீட்டர் அகலத்தில் மடக்கிய முழங்கால் வெளியே போய்விடும், 64 இருந்தால் நல்லது. ஆர் மதிப்புக்குப் பக்கத்தில் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற சோதனை முறையின் பெயர் இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

பாதிப் பணம் தருகிறேன் என்று கடையிலிருந்து ஒரு தடவை போன் வந்தது. முழுசாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மெத்தை சாட்சிக்காக அட்டாலியில் கிடக்கிறது. அடுத்த மாதம் ஏற்காட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். அறை எடுப்பதாக இருந்தால் வருகிறேன் என்றேன்.